மற்றும் அனுமதிக்கப்பட்ட பொருட்கள்

ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எழுபத்தொரு நாட்கள் ஆயின. ஒன்பது பாரங்கள் பூர்த்தி செய்தேன். ஃபெர்ரி படகில் ஏறி நான்கு தடவை அக்கரைக்குப் போய்வந்தேன். கடைசியில் ஒரு பிஸ்கட் கம்பெனியே ஆரம்பித்தேன். இத்தனைக்கும் நான் பாரங்களைக் கண்டு முகம் சுளிக்கும் ஆள் இல்லை. தாத்தா சுன்னாகத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கிராணியானார், பேனா பிடிக்கும் குமாஸ்தா வேலை. அப்பாவும் ரயில்வே கிராணி. கதிர்காமநாதனாகிய நான் பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிராணி. முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லாது என்பது எங்கள் வீட்டில் விபூதிக்கு அடுத்த நம்பிக்கை.

எண்பத்தேழாம் வருடம் பிப்ரவரியில் ஒரு காலை, எட்டு வயது மகள் யோகலட்சுமியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. முகம் வீங்கியிருந்தது. காலை அமுக்கினால் குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சலேஹா பரிசோதித்துவிட்டு, சிறுநீரகக் கோளாறு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். "உப்பு கூடாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

என் மனைவி புஷ்பராணி அன்றே உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மூன்று பேரும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் சொதி, வெந்நீரில் மஞ்சளைக் கரைத்த மாதிரி இருந்தது. யோகா ஒரு வாய் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சீனி போட்ட புட்டை மூன்று நாள் தின்றாள். நாலாம் நாள் வாந்தி எடுத்தாள், அப்புறம் புட்டுக்குழலைக் கண்டாலே அழுதாள். கடைசியில் அவள் மறுக்காமல் தின்றது பால் பிஸ்கட் ஒன்றுதான். மஞ்சள் பாக்கெட், மேலே சிரிக்கும் பசு. இனிப்புப் பண்டத்தில் உப்பு எங்கிருந்து வரும் என்று நாங்கள் நினைத்தோம். படித்த குடும்பம் அல்லவா.

அதோடு பாக்கெட்டின் மூலையில் ஒரு வட்ட முத்திரையும் இருந்தது. 'பொதி உணவு அங்கீகார வாரியம். அங்கீகரிக்கப்பட்டது.' நான் அதைத் தொட்டுக் காட்டி, "இந்த வட்டம் இருந்தா பயப்படாமச் சாப்பிடலாம்மா, கவர்மெண்டே பார்த்துட்டாங்க" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு அவள் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதலில் வட்டத்தைத் தேடுவாள். பிரித்ததும் முதல் பிஸ்கட்டைப் பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு நீட்டுவாள். அவர் எடுத்த பிறகுதான் தான் தொடுவாள். அது புஷ்பராணி பழக்கிய பழக்கம். தினமும் நான் ஒன்று எடுப்பேன், மீதிப் பாக்கெட் அவளுக்கு.

மூன்று வாரத்தில் வீக்கம் வயிற்றுக்கு ஏறியது.

"வீட்டில் யாரோ பரிதாபப்பட்டு உப்பு கொடுக்கிறீர்கள்" என்றார் டாக்டர். புஷ்பராணியைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். வேறு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டபோது நான் பெருமையாகப் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் சிரிக்கும் பசுவைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தார். கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய், பால் மாவு மற்றும் அனுமதிக்கப்பட்ட பொருட்கள்.

"இந்த அனுமதிக்கப்பட்ட பொருட்கள் என்னென்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

பிஸ்கட்டை நிறுத்தி ரொட்டிக்கு மாறினோம். ரொட்டிப் பொட்டலத்திலும் அதே கடைசி வரி. புஷ்பராணி வீட்டிலேயே கேக் சுட்டாள், வீக்கம் இன்னும் கூடியது. அவள் போட்ட மார்ஜரின் டப்பாவிலும், கேக்கைப் பொங்க வைக்கும் மாப் பாக்கெட்டிலும் அதே வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த பாக்கெட்டுகளையெல்லாம் மேசையில் அடுக்கினேன். பதினான்கு பாக்கெட், பதினான்கு வட்ட முத்திரை, பதினான்கிலும் அதே வரி. உப்பு ஜாடியை வெளியே அனுப்பிவிட்டு உப்பை வாசல் வழியாக விலைக்கு வாங்கி வந்திருக்கிறோமோ என்று அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் வேறு எதுவும் இறங்காமல் அவள் பட்டினி கிடந்ததால், பதில் தெரியும்வரை பிஸ்கட்டுக்கே திரும்பினோம்.

டாக்டர் சலேஹா விஷயத்தை உடைத்துச் சொன்னார். "இது சாப்பாட்டால் வரும் வீக்கமா, மாத்திரை வேலை செய்யாததால் வரும் வீக்கமா என்று எனக்குத் தெரிய வேண்டும். எந்தப் பாக்கெட்டில் எவ்வளவு உப்பு என்று விசாரித்து வாருங்கள். ஆறு வாரம் பார்ப்பேன். இறங்காவிட்டால் பலமான ஊசிக்குப் போக வேண்டியிருக்கும். முடி கொட்டும். சாதாரணக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது."

ஆறு வாரம் தாராளம் என்றுதான் நினைத்தேன். ஒரு கேள்விக்கு ஒரு பதில். அரசாங்கத்துக்கு அது ஒரு காலை வேலை.

வாரியத்தின் ஆபீஸ் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. 'தகவல்' என்று எழுதிய கவுண்டரில் ரொஸ்னா என்ற பெண் இருந்தார். நல்ல மாதிரி. நான் கேட்டதை முழுவதும் கேட்டுவிட்டு மலாயில் மெதுவாக விளக்கினார். அது தகவலைப் பெற்றுக்கொள்ளும் கவுண்டராம். தகவல் கொடுக்கும் கவுண்டர் இன்னும் திறக்கவில்லையாம். வேண்டுமானால் புகார் கொடுக்கலாம். பாரம் ஒன்று, மூன்று பிரதிகள்.

பாரத்தை நிரப்பி, கூடவே பிஸ்கட் பாக்கெட்டையும் வைத்தேன். ரொஸ்னா அதைத் தொட்டுப் பார்த்து, மலாயில் அண்ணன் முறை வைத்து அழைத்து வருத்தப்பட்டார். "பிரிச்சிருக்கே பாங். பிரிச்ச பாக்கெட்டுக்குள்ள யார் வேணும்னாலும் உப்பு போட்டிருக்கலாம்லா. புகார் செல்லாது."

மறுநாள் பிரிக்காத பாக்கெட் கொண்டுபோனேன். அதற்கும் வருத்தப்பட்டார். "இதை யாரும் சாப்பிடலையே. சாப்பிடாத பொருளால எப்படி பாதிப்பு வரும்?"

பிரித்தும் பிரிக்காமலும் ஒரு பாக்கெட் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, தலைவரைப் பார்க்க பாரம் இரண்டைக் கொடுத்தார். பதினெட்டாம் நாள் அழைப்பு வந்தது.

தலைவர் நாகநாதன் பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. நம்ம ஆள். குளிர்சாதன அறை, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய பாக்கெட் உறைகள், கதவில் அவர் பதவியேற்ற வருடம் பித்தளையில். என்னை உட்காரச் சொல்லி, "எந்த ஊர் நீங்க?" என்றார்.

"பினாங்குதான் சார். தாத்தா சுன்னாகம்."

"சுன்னாகமா? என் வைஃப் வழியில எல்லாரும் சுன்னாகம்தான். அப்பா பேர் என்ன, ரயில்வேயா?"

அரை மணி நேரம் இரண்டு குடும்பத்தையும் கிளறி, அவருடைய மைத்துனரும் என் சித்தப்பாவும் தைப்பிங்கில் ஒரே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்ததைக் கண்டுபிடித்தோம். பிறகு நான் பாக்கெட்டை மேசையில் வைத்துக் கேள்வியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவர். உங்ககிட்ட சொல்லலாம். எல்லாத்தையும் பாக்கெட்டில எழுதினா ஜனங்க வாசிப்பாங்க. வாசிச்சா பயப்படுவாங்க. பயம் உடம்புக்கு ஆகாது. ஜனங்களோட ஆரோக்கியத்தை நினைச்சுத்தான் நாங்க எழுத விடறதில்ல."

"அப்ப இந்த முத்திரைக்கு என்ன சார் அர்த்தம்?"

"பாக்கெட் நல்லா ஒட்டியிருக்கு, மை அழியாது, படம் வெளிறாதுன்னு அர்த்தம். பொதியை அங்கீகரிக்கிறதுதானே எங்க வேலை. இந்தப் பசுவுக்கு மட்டும் ஆறு மாசம் கமிட்டி உட்கார்ந்தது. பல்லு தெரியச் சிரிக்கலாமா கூடாதான்னு. லேசா எடுத்துக்காதீங்க."

"உள்ளே இருக்கிறதைப் பார்க்கவே மாட்டீங்களா சார்?"

"பார்க்கணும்னா பிரிக்கணும். பிரிச்சிட்டா அது பொதி இல்ல. எங்க அதிகாரத்துக்கு வெளிய போயிடும். சட்டத்தை மீறச் சொல்றீங்களா?"

மீறச் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். எனக்கு என்ன வந்ததோ, உண்மையிலேயே கேட்டேன். "என் பிள்ளை வீங்கிப்போய்க் கிடக்கு சார். இன்னும் மூணு வாரத்தில ஊசி போடப் போறாங்க" என்றேன். அவர் முகம் இளகியது. மணியடித்து எனக்குத் தேநீரும் ஒரு தட்டில் பால் பிஸ்கட்டும் வரவழைத்தார். தனக்கு மேசைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து, வீட்டிலிருந்து வந்த இடியப்பத்தைப் பிரித்தார்.

"நீங்க எடுத்துக்குங்க தம்பி. நான் பாக்கெட் சாமானைத் தொடறதில்ல. பிரஷர் இருக்கு. டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார். பதினோரு வருஷமாச்சு."

கதவில் பித்தளையில் இருந்த வருடத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினோரு வருடம்.

புறப்படும்போது அவர் ஓர் உதவி செய்தார். தயாரிப்பாளர்கள் எழுதிக்கொடுத்த பொருள் விவரமெல்லாம் அக்கரையில் செபராங் ஜெயாவில் வாரியத்தின் பதிவேட்டு அறையில் இருப்பதாகவும், அங்கே போய்க் கேட்கலாம் என்றும் சொன்னார். பாரம் மூன்று.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஷேக் அலாவுதீன். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. முதல் தடவை போனபோது பதிவேடு இருக்கும் இரும்பு அலமாரியைக் காட்டினார். சாவி தலைவரிடம். தலைவரிடம் கேட்டால், அலமாரி பூட்டியிருக்கிறது என்று அறையிலிருந்து எழுத்தில் வர வேண்டும் என்றார். இரண்டாம் தடவை அதை எழுதி வாங்கினேன். அதில் பூட்டின் எண் இல்லையாம். மூன்றாம் தடவை பூட்டின் எண்ணோடு வாங்கினேன். நாலாம் தடவை சாவியே வந்துவிட்டது. அலாவுதீன் அலமாரியைத் திறந்து, தடித்த பதிவேட்டை எடுத்து, என் கண்ணுக்கு முன்னால் மேசையில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. இதைத் தயாரிப்பாளர் மட்டும்தான் பார்க்கலாம். சாப்பிடறவங்க பார்க்கக்கூடாதுன்னு ரூல்."

நாற்பது வயதுக்காரன், அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. நிறுத்த முடியவில்லை. அலாவுதீன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அழாதீங்கண்ணே. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நீங்களே ஒரு பிஸ்கட் செஞ்சு அங்கீகாரத்துக்குப் போடுங்கலா. அப்புறம் நீங்களும் தயாரிப்பாளர்தானே? பாரம் நாலிலிருந்து ஒன்பது வரைக்கும். நானே தர்றேன்."

அது முப்பத்தாறாம் நாள். வீட்டுக்கு வந்து புஷ்பராணியிடம் நாம் பிஸ்கட் கம்பெனி தொடங்கப்போகிறோம் என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இந்த முறை பாக்கெட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அரிசியை ஊறவைத்து இடித்தாள், தேங்காய்ப்பால் பிழிந்தாள், சீனியும் ஏலக்காயும் போட்டாள். நாலு முறை கருகியது. உறையை நானே ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தேன். 'யோகா பிஸ்கட். அரிசி மா, தேங்காய்ப்பால், சீனி, ஏலக்காய். உப்பு சேர்க்கப்படவில்லை.' ஆறு பாரங்களோடு நாற்பத்தோராம் நாள் ரொஸ்னாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

நாற்பத்திரண்டாம் நாள் டாக்டர் கொடுத்த ஆறு வாரம் முடிந்தது. யோகாவை வார்டில் சேர்த்து ஊசியை ஆரம்பித்தார்கள்.

வார்டில் அவளுக்கு எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை. புஷ்பராணி தயங்கித் தயங்கித் தன் பிஸ்கட்டைக் கொண்டுபோனாள். யோகா முதல் பிஸ்கட்டை எனக்கு நீட்டினாள். நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவள் ஒன்றைக் கடித்தாள், இன்னொன்றைக் கடித்தாள். "இது நல்லாருக்கும்மா, இதையே குடுங்க" என்றாள். ஒரு வாரத்தில் முகம் வடிந்து, பழைய கண்கள் தெரிந்தன. ஊசி வேலை செய்கிறது என்றார் டாக்டர். அதே வாரம் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, போகவில்லை. புஷ்பராணி முடியைப் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்றாம் நாள் வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. யோகா பிஸ்கட் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணங்களை ஒழுங்காக எழுதியிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. 'உப்பு சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் மற்ற பிஸ்கட்டுகளில் உப்பு இருக்கிறது என்ற வீண் சந்தேகத்தைப் பொதுமக்களிடம் கிளப்பும். மேலும், உறையில் 'மற்றும் அனுமதிக்கப்பட்ட பொருட்கள்' என்ற கடைசி வரி இல்லை. அந்த வரி இல்லாத உணவுக்கு வாரியம் எதை அனுமதிப்பது என்று கேட்டிருந்தார்கள். நான் சிறு தயாரிப்பாளர் என்பதால் என் பாக்கெட்டை மட்டும் பிரித்துச் சோதனையும் செய்திருந்தார்கள். முக்கியமான காரணம் கடைசியில் இருந்தது. தயாரிப்பாளர் சங்கம் வகுத்துக்கொடுத்த தரக்குறிப்பின்படி, ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் குறைந்தது ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு இருந்தாக வேண்டும். தற்போது அங்கீகாரம் பெற்றுள்ள பதினேழு பிஸ்கட்டுகளும் அதைப் பூர்த்தி செய்கின்றன. தங்களுடையது செய்யவில்லை. வருந்துகிறோம்.

ஒன்றரைத் தேக்கரண்டி. கடைசியில் பதில் வந்துவிட்டது. நான் ஆபீசில் சொல்லாமல்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் சலேஹா கடிதத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார். "தினமும் ஒரு பாக்கெட் என்று சொன்னீர்கள், இல்லையா?" என்றார். தலையாட்டினேன்.

"முதல் நாளே இது என் கையில் இருந்திருந்தால் நான் அந்த ஊசியைத் தொட்டே இருக்க மாட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தினமும் வட்டத்தைக் காட்டிக் காட்டிக் கொடுத்தவன் நான்தானே. ஊசியை நிறுத்தினார்கள். காய்ச்சல் மட்டும் நிற்காமல் வந்து வந்து போனது.

அடுத்த வாரம் வார்டுக்கு வண்ணக் காகிதம் ஒட்டினார்கள். 'ஆரோக்கியப் பிள்ளைகள் வாரம்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். பத்து மணிக்கு நாகநாதன் வந்தார். பின்னால் ரொஸ்னா அட்டைப்பெட்டியோடு, அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகைப் படக்காரர். தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ரொஸ்னாவுக்கு இருந்தது, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்பான பிள்ளைகளே" என்று அவர் கட்டில்களுக்கு நடுவில் நின்று பேசினார். "நீங்க வாயில வைக்கிற ஒவ்வொண்ணையும் உங்களுக்கு முன்னாடி நாங்க பார்க்கிறோம். உங்க அப்பா அம்மாவுக்கு அந்தக் கவலையே வேண்டாம். கவலைப்படறது எங்க உத்தியோகம்." நர்சுகள் கைதட்டினார்கள்.

படத்துக்கு யோகாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலையில் புஷ்பராணி கட்டிவிட்ட பூப்போட்ட துணி படத்தில் நன்றாக விழும் என்றார் படக்காரர். நாகநாதன் கட்டிலோரம் உட்கார்ந்து, மஞ்சள் பாக்கெட்டை அவள் கையில் வைத்தார். சிரிக்கும் பசு. யோகா வழக்கப்படி மூலையில் வட்டத்தைத் தேடினாள். கண்டுபிடித்து, விரலை அதன்மேல் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

ஒன்றரைத் தேக்கரண்டியை அவளிடம் சொல்லியிருந்தேன். பிஸ்கட்டை இனித் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். வட்டத்தைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எழுந்தேன். கடிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை அந்த மனிதர் முகத்துக்கு நேரே வாசித்திருக்க வேண்டும். மூன்று தலைமுறைக் கிராணிப் புத்தி, பெரிய உத்தியோகஸ்தர் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

யோகா பாக்கெட்டைப் பிரித்தாள். முதல் பிஸ்கட்டைப் பாதி வெளியே இழுத்து, பக்கத்தில் இருந்த பெரியவருக்கு நீட்டினாள்.

"எடுங்க அங்கிள்."

"நீ சாப்பிடும்மா."

"நீங்க எடுத்தாத்தான் நான் எடுக்கலாம். அம்மா அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"சார், எடுத்து வாயில வைங்க சார். படம் நல்லா வரும்லா" என்றார் படக்காரர், காமிராவைக் கண்ணில் வைத்தபடி.

நாகநாதன் கையைக் கொண்டுபோனார். பிஸ்கட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சலேஹாவும் வாசலில் வந்து நின்றிருந்தார். தலைவர் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, அவளுக்கும் கட்டிலோரம் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அங்கிளுக்கு வேண்டாம்மா. டாக்டர் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

யோகா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும்தான் அங்கிள்" என்றாள். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.